குன்னூர் ஜன்னலுக்குப் பருத்தியா, பாலியெஸ்டரா?

எங்கள் குன்னூர் வீட்டு ஜன்னல்களில் இரண்டு வகைத் திரைச்சீலையும் தொங்கியிருக்கின்றன. என் ஓட்டு பாலியெஸ்டருக்கு. கடையில் நின்று பார்க்கிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரியும்.

அழகில் பருத்திக்கே முதலிடம். கரூர்த் துணி தன் கனத்திலேயே இறங்கி, கொசுவம் வைத்ததுபோல மடிப்பு நிற்கும். பாலியெஸ்டர் மடிப்பு கொஞ்சம் விறைப்பாக விலகி நிற்கும். எத்தனை நீவினாலும் அப்படித்தான். விலையையும் நிறத்தையும் கடைக்காரரே சொல்லிவிடுவார். குளிரைத் தடுப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாத துணி, உள்ளே லைனிங், மேலே அடைப்பு ஆகியவை இருந்தால் போதும்.

வழக்கைத் தீர்ப்பது ஈரம். 20 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது, பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத நீரைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டரோ அரை சதவீதம்கூட இல்லை. குன்னூருக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில். அந்த மாதங்களில் மேகம் ஜன்னலைத் தட்டாமலேயே உள்ளே வந்துவிடும். திரையின் கீழ்மடிப்பைப் புரட்டிப் பாருங்கள்: துணி இரட்டையாக மடிந்து, சுவரை உரசும் இடத்தில் மிளகுப் பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள். பூஞ்சைக்குப் பருத்தி நாரே தீனி. வெளுப்பான் போட்டால் புள்ளியோடு சாயமும் போகிறது. துவைத்தாலோ, லைனிங் வைத்த பருத்தித் திரை மாலையிலும் கைக்குச் சில்லென்றே இருக்கும். எடுத்து உள்ளே போட்டு, மறுநாள் மறுபடி கொடியேற்ற வேண்டும். பிறகு இஸ்திரி வேறு. பாலியெஸ்டர் சொட்டி முடித்ததும் பாதி காய்ந்துவிடுகிறது.

அதிலும் பூஞ்சை வராமல் இல்லை; படிந்த தூசியைத் தின்று வளரும். ஆனால் பெரும்பாலும் ஒரு சலவையில் போய்விடும். கணப்பு, ஹீட்டர் பக்கம் மட்டும் பாலியெஸ்டரை அண்டவிடாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும்.

வெல்வெட்டைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. ஊட்டியில் பழைய பங்களா ஒன்றில் விருந்தாளியாகத் தொட்டுப் பார்த்ததோடு சரி. அதைத் துவைத்தவர்தான் சொல்ல வேண்டும்.

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் எம்பிராய்டரியை ஜன்னலில் மாட்டலாமா என்று கேட்கிறார்கள். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக நூலை எண்ணிப் போடும் வேலை அது. தோளில் போர்த்துகிற புத்துக்குளியில் அதன் மடிப்பே தனி அழகு. வெயிலுக்கும் ஈரத்துக்கும் அதைப் பலி கொடுக்க எனக்கு மனம் வராது. உள்சுவரில் மாட்டுங்கள்.

பருத்திதான் வேண்டும் என்றால், வெயில் விழும் ஜன்னலாகப் பார்த்து மாட்டுங்கள். லைனிங்கைச் சேர்த்துத் தைக்காமல் தனிக் கொக்கியில் தொங்கவிடச் சொல்லுங்கள், டெய்லர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. துணியை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி, திரைக்குக் கீழே ஜன்னல் கட்டை தெரியும்.