யூடைஸ் பிளஸ்: நம் ஊர்ப் பள்ளிக் கணக்கைப் போனிலேயே பார்க்கலாம்

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மொத்தம் 74 பிள்ளைகள். என் மகள் ஆறாவது படிக்கிறாள். நான் தையல் கடை வைத்திருக்கிறேன், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். கூட்டத்துக்குப் போவது, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுவது, வீட்டுக்கு வருவது. இரண்டு வருடமாக இவ்வளவுதான். பள்ளிக்கு எவ்வளவு பணம் வருகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன மாதம் மகள் சொன்னாள்: "பாத்ரூம் கதவு உடைஞ்சு கிடக்கும்மா. அதனால நாங்க யாரும் ஸ்கூல்ல தண்ணியே குடிக்கிறதில்ல." அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாட்டிலுள்ள பள்ளிகளின் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும், மத்திய கல்வி அமைச்சகத்தின் யூடைஸ் பிளஸ் தளத்தைத் திறந்தேன்.

ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33 என்று தொடங்கும். அதைப் போட்டுத் தேடினால் அந்தப் பள்ளியின் அறிக்கை வந்துவிடுகிறது. லாகின் வேண்டாம், காசும் வேண்டாம். வகுப்புவாரியாகப் பிள்ளைகள், ஆசிரியர்கள், வகுப்பறை, கழிப்பறை, அப்புறம் வந்த மானியம், செலவான தொகை எல்லாம் அதில் இருக்கின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த அறிக்கை முழுக்க ஆங்கிலம். மகள் எழுத்துக்கூட்டிப் படிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். அரசுப் பள்ளியை நம்பியிருக்கும் தாய்மார்கள் படிக்க வேண்டிய பக்கம் தமிழில் இருக்க வேண்டாமா? அடுத்தது, விவரம் பழையது. பெண்கள் கழிப்பறை நல்ல நிலையில் இருப்பதாகப் போட்டிருந்தது. பள்ளியிலிருந்து கணக்கு கொடுத்த நாளில் கதவு நன்றாக இருந்திருக்கலாம்.

பெரிய குறை, செலவு ஒரே தொகையாக நிற்கிறது. எதற்குச் செலவானது என்று தெரியாது. அதற்குப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 மானியச் செலவைக் கண்காணிக்கும் வேலையை மேலாண்மைக் குழுவிடம்தான் கொடுத்திருக்கிறது. நான் வருமான வரி கட்டுகிற ஆள் இல்லை. ஆனால் நூல், ஜிப், பட்டன் எது வாங்கினாலும் ஜி.எஸ்.டி. கட்டுகிறேன். கேட்க எனக்கும் உரிமை இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் எழுதி வைத்த தாளோடு போய்க் கேட்டேன். எச்.எம். டீச்சர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் பீரோவைத் திறந்து பில் ஃபைலையே எடுத்து வைத்தார். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பள்ளிகளுக்குப் பணம் தரும் திட்டமான சமக்ர சிக்‌ஷாவில் 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 25,000 ரூபாய். அதில் பத்து சதவீதமாவது சுத்தம், சுகாதாரத்துக்குப் போக வேண்டும். சாக்பீஸ், பதிவேடு, பல்பு, குழாய் ரிப்பேர் எல்லாம் இதற்குள்தான். பணம் தாமதமாக வந்த மாதங்களில் டீச்சர் கைக்காசு போட்டிருக்கிறார். தப்பு செய்கிறார்கள் என்று நினைத்துப் போனவள், பணமே போதவில்லை என்று தெரிந்துகொண்டு வந்தேன். பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராத தகராறில், 2024-25இல் இதே சமக்ர சிக்‌ஷாவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றுபோனதைச் செய்தியில் கேட்டபோது அது யாருடைய பணம் என்று எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது.

கதவுக்கு 1,800 ரூபாய் என்று தீர்மானம் எழுதினோம். இந்தத் தடவை நோட்டைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இந்தத் தளத்துக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். தமிழ் வந்தால் நான்கு. குழுவில் இல்லாதவர்கள் தளத்தில் தொகையைப் பார்த்துக்கொண்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் செலவு ரசீதுகளின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எந்த வருடத்துக் கணக்கு என்பதை மறக்காமல் எழுதுங்கள்.