நீலப் பூப்போட்ட டேனிஷ் தட்டில் ரசம் சாதம்

கோபன்ஹேகனுக்குக் குடிவந்த நாளிலிருந்தே பழைய சாமான் சந்தைகளில் இந்த நீலப் பூப்போட்ட பீங்கானைப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டுவிட்டு, பேசாமல் நகர்ந்துவிடுவேன். போன வருடம் மனசு கேட்கவில்லை. ராயல் கோபன்ஹேகனின் ப்ளூ ஃப்ளூட்டட், சரிகை ஓரம் இல்லாத சாதா வகை; ஆறு பெரிய தட்டு, ஆறு குழித்தட்டு, மூடி போட்ட கிண்ணம் ஒன்று. கம்பெனி 1775-இல் தொடங்கியது, அவர்களுடைய ஒன்றாம் நம்பர் டிசைனே இதுதான்.

எல்லாம் கையால் வரைந்தது என்பதால் எந்த இரண்டு தட்டும் அச்சு அசலாக இருக்காது. ஒன்றில் இலை கருநீலமாக அழுந்தியிருக்கிறது, பக்கத்துத் தட்டில் அதே இலை வெளிறிப்போய் நுனி கொஞ்சம் கோணலாக. எனக்கு இந்தக் கோணல்தான் பிடித்தது. நீலம் பளபளப்புப் பூச்சுக்கு அடியில் இருப்பதால் தேய்த்தாலும் போகாது. தங்க ஓரம் போட்ட செட் என்றால் மைக்ரோவேவில் வைக்க முடியாது, இதில் அந்தத் தொல்லையும் இல்லை.

நம் சாப்பாட்டுக்குப் பெரிய தட்டு சரிப்படாது. ரசம் ஊற்றினால் ஓரத்தை நோக்கி ஓடும், அங்கே சிப்பி ஓடு மாதிரி வரிவரியாக இருக்கும் பள்ளத்தில் தயிர் காய்ந்தால் நகத்தால் சுரண்ட வேண்டியதுதான். குழித்தட்டு அருமை.

எல்லாமே முதல் தரம் என்று சொல்லித்தான் விற்றவர் கொடுத்தார். வீட்டில் திருப்பிப் பார்த்தால், இரண்டு தட்டில் மூன்று அலைக்கோட்டு முத்திரையின் குறுக்கே கீறல். அப்படிக் கீறியிருந்தால் தொழிற்சாலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியது என்று அர்த்தம். (அந்த மூன்று அலையும் டென்மார்க்கின் மூன்று நீரிணைகள்.) அது போகட்டும், இன்னொரு தட்டில் சாம்பார் சாப்பிட்டுக் கழுவிய பிறகு தலைமுடி அளவுக்கு மஞ்சளாக ஒரு கோடு. விரிசல்! கண்ணுக்குத் தெரியாததை மஞ்சள்தூள் காட்டிக்கொடுத்துவிட்டது. வாங்கும்போதே விரலால் சுண்டிப் பாருங்கள், நல்ல தட்டு மணி மாதிரி கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது டொக் என்று செத்த சத்தம் போடும். 1935-க்குப் பிறகு வந்தவற்றில் முத்திரையிலுள்ள பெயரின் ஏதாவது ஒரு எழுத்துக்குக் கீழேயோ மேலேயோ குட்டிக் கோடு இருக்கும், வருடத்தை அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

அப்புறம், அலுமினியா என்ற டேனிஷ் தொழிற்சாலையின் முத்திரையோடு ‘ட்ரான்க்பார்’ என்று இன்னொரு நீல டிசைனும் சந்தையில் கிடைக்கும். நம் தரங்கம்பாடியேதான். ஆனால் அது பீங்கான் இல்லை, ஃபயான்ஸ், அதாவது பளபளப்புப் பூச்சுப் போட்ட மண்பாண்டம், சீக்கிரம் ஓரம் உதிரும்.

விரிசல் தட்டு இப்போது ஜன்னலோரக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. மற்ற பதினொன்றிலும் தினமும் சாப்பிடுகிறோம்.