அரிமட்சு: முடிச்சுத் துணிக்காகவே போகலாம்

எங்களுக்கு மதுரையில் சுங்குடி வியாபாரம். மகன் ஜப்பானில், நகோயாவில் வேலை பார்க்கிறான். போன ஏப்ரலில் அவனிடம் போயிருந்தபோது கோட்டையைக் காட்டுகிறேன் என்றான். எனக்குப் பக்கத்திலிருக்கும் அரிமட்சு என்ற பழைய ஊரைப் பார்த்தால் போதும் என்றேன். அங்கேயும் துணியை முடிந்து சாயம் ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்தே ஆசை.

நகோயா நிலையத்திலிருந்து ரயிலில் 20 நிமிடம்தான். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் தோக்கைதோ, அந்தக் காலத்தில் டோக்கியோவையும் கியோட்டோவையும் இணைத்த பெருவழி. 1608-இல் குடியேறியவர்களுக்கு விவசாயம் போதவில்லை. அவுரிச் சாயத்தில் தோய்த்த கைத்துண்டுகளை வழிப்போக்கர்களுக்கு விற்றுத் தலையெடுத்த ஊர் இது. 1784-இல் ஊரே எரிந்தது. மறுபடி கட்டியபோது கூரைக்கு ஓடு போட்டு, சுவருக்குக் கனமாகச் சாந்து பூசினார்கள். அந்த வியாபாரி வீடுகள்தான் இன்றும் தெருவின் இருபக்கமும் நிற்கின்றன. 2016-இல் அரசு இதைப் பாதுகாக்கும் பகுதியாக்கியது.

நான் அதிக நேரம் இருந்தது ஷிபோரி காட்சிக்கூடத்தில். ஷிபோரி என்றால் அவர்களுடைய முடிச்சுச் சாய வேலை. வயதான ஒரு அம்மா உட்கார்ந்து முடிந்துகொண்டிருந்தார். கம்பத்தில் மாட்டிய கொக்கி ஊசியில் துணியைக் கொடுத்து இழுக்கிறார், நூலைச் சுற்றுகிறார், அடுத்ததற்குப் போய்விடுகிறார். எங்கள் பெண்கள் நகத்தால் கிள்ளிச் சுற்றுவார்கள். ஒரு கைக்குட்டையை வாங்கி அதை அவருக்குச் செய்து காட்டினேன். என் விரலைப் பிடித்து உற்றுப் பார்த்தார். பேச்சே இல்லாமல் அரைமணி நேரம் போனது.

இந்த ஊரில் எனக்குப் பிடித்தது, வீட்டோடு தொழிலும் இருப்பது. மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள நம் புதுமண்டபத்தில் தையல் மெஷின் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனபிறகு தூண்கள் நன்றாகத் தெரிகின்றன, சரி. ஆனால் எனக்கு அந்தச் சத்தமும் வேண்டும்.

குறைகளும் உண்டு. மாலை 5 மணிக்கு முன்பே பல கடைகளை மூடிவிட்டார்கள். வார நாளில் போனதால் சில கடைகள் திறக்கவே இல்லை. ஒரு கடையில் அச்சடித்த துணியையும் கைமுடிச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள், பிரித்துச் சொல்லும் அட்டை இல்லை. எனக்குத் தெரிந்துவிடும், புதிதாக வருகிறவர் ஏமாந்துபோவார். கைமுடிச்சின் விலை அதிகம்தான். ஆனால் எத்தனை நாள் உழைப்பு என்று தெரிந்தவள் பேரம் பேசமாட்டேன்.

மறுநாள் நகோயாவிலேயே உள்ள தோக்குகாவா தோட்டம். 300 யென் கட்டணம். மலையிலிருந்து விழும் அருவி ஓடையாகி, கடைசியில் கடல்போல ஒரு குளத்தில் சேர்கிறது. அந்த வழியே நாமும் நடக்கிறோம். வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு படியில் நின்றால் முழுசாகப் பார்த்துவிடலாம். இங்கே திருப்பத்துக்குத் திருப்பம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காட்டுகிறார்கள். காலை நேரத்தில் போங்கள், கூட்டமில்லை.

அரிமட்சுவில் வாங்கிய நீலத் துண்டை ஊருக்கு வந்ததும், எங்களுக்கு 40 வருஷமாக முடிச்சுப் போட்டுத்தரும் அக்காவிடம் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நூல் எங்க வாங்குறாங்கன்னு கேட்டியாம்மா?" என்றார்.

கேட்கவில்லை. மகனை இன்னொரு முறை போய் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.