இட்லிப்பூச் செடி: சில ஆண்டுகள் தொட்டியில் வளர்த்த பின்

இட்லிப்பூவுக்கு முரட்டுச் செடி என்று பெயர். முதல் ஆண்டு அந்தப் பெயரைக் காப்பாற்றும். இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் சிக்கல் தலைகாட்டும்: கொழுந்து இலை வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சை வலையாகத் தெரியும். பசி என்று நினைத்து உரத்தை அள்ளிப் போடுவார்கள். பசியில்லை, சுண்ணாம்பு. சுண்ணாம்பு கலந்த உப்பு நீரை ஊற்ற ஊற்றத் தொட்டி மண்ணின் காரத்தன்மை ஏறிக்கொண்டே போகும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

இந்தச் செடிக்கு அமிலத்தன்மை வேண்டும், மண்ணின் பி.எச். (அமில-கார அளவு) 5 முதல் 6 வரை இருந்தால் நல்லது. முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் இரண்டையும் கிட்டே கொண்டுவர வேண்டாம். ஆர்.ஓ. கழிவு நீர் அதைவிட மோசம். சிமெண்ட் சுவரை ஒட்டி நட்டாலும் இதே கதைதான். மழைநீர் கிடைக்கும்போதெல்லாம் தொட்டிக்கு அடியில் வடியும்வரை ஊற்றுங்கள்.

வெளிறிய செடிக்கு ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிக்கலாம். பத்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை. பழைய இலையைப் பார்த்து ஏமாற வேண்டாம், அடுத்து வரும் கொழுந்துதான் கணக்கு. தரையில் சிந்தினால் துருக்கறை போகவே போகாது. கார மண்ணில் அன்னபேதியை வேரில் போடுவது வீண், அதிலுள்ள இரும்பு சீக்கிரமே மண்ணோடு கட்டுண்டுவிடும். அங்கே இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு கீலேட்தான் (மண்ணில் கட்டுண்டு போகாதபடி பிணைக்கப்பட்ட இரும்பு) எடுபடும்.

தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒன்று, தென்னை நார்க்கழிவு ஒன்று. தினம் ஐந்தாறு மணி நேர வெயில் கட்டாயம். நிழலில் இலை பளபளக்கும், பூ வராது.

பூ நுனியில்தான் வைக்கும். வாடிய கொத்தை அதன் கீழுள்ள ஒரு ஜோடி இலையோடு சேர்த்து வெட்டினால், அந்த இடத்தில் இரண்டு தளிர் கிளம்பும், பின்னாளில் இரண்டு கொத்து. வேலிபோல மாதாமாதம் மட்டம் வெட்டுகிறவர்கள் மொட்டையும் சேர்த்தே வெட்டுகிறார்கள். இட்லிப்பூதான் சங்கப் பாடல்களின் வெட்சி; வெட்சி மாலை சூடி ஆநிரை கவரப் போனவர்களுக்குக் காட்டுச் செடி போதும். நமக்குக் கத்தரிக்கோல் வேண்டும்.

எறும்பு தண்டில் ஏறினால் இலையைத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்பை ஒட்டிப் பழுப்புச் செதில் பூச்சியோ, வெள்ளை மாவுப்பூச்சியோ இருக்கும். அவை கழிக்கும் இனிப்புப் பிசினில்தான் கரும்பூசணம் படரும். முதலில் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். தேய்க்காமல் தெளித்தால் செதிலுக்கு அடியில் இருப்பது தப்பித்துவிடும்.

குச்சி நட விரும்பினால், பச்சையும் பழுப்பும் கலந்த அரை முற்றல் தண்டாக அரைச்சாண் நீளம் எடுங்கள். வேர் பிடிக்க மாதத்துக்கு மேலாகும், அதுவரை பிடுங்கிப் பார்க்காதீர்கள்.