ஸ்காட்லாந்து: பிரியலாமா, இருக்கலாமா?

தனிநாடாகப் பிரியலாமா என்று ஸ்காட்லாந்தில் 2014-இல் நடந்த வாக்கெடுப்பில் 55 சதவீதம் பேர் பிரிட்டனோடு இருக்கலாம் என்றார்கள். 2016-இல் அங்கே 62 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க வாக்களித்தும் பிரெக்சிட், அதாவது ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறுவது, நடந்தது. கேள்வி மறுபடி கிளம்பிவிட்டது.

பணம்
இருந்தால்: பவுண்டு அப்படியே.
பிரிந்தால்: பெரிய சிக்கலே இதுதான். பவுண்டையே வைத்துக்கொண்டால் வட்டி விகிதம் லண்டன் கையில். சொந்த நாணயம் என்றால் சம்பளம் புதுக் காசில், பழைய வீட்டுக் கடன் பவுண்டில் என்று மாட்டிக்கொள்ளலாம்.

எல்லை
இருந்தால்: தொல்லை இல்லை.
பிரிந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால்: இங்கிலாந்து எல்லையில் சுங்கச் சோதனை.

அதிகாரம்
இருந்தால்: லண்டன் சம்மதமின்றி இன்னொரு வாக்கெடுப்புகூட முடியாது, 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.
பிரிந்தால்: முழுசாக ஸ்காட்லாந்து கையில்.

கடன் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இப்போதைக்கு இருப்பதே தேவலை. சொந்த முடிவுதான் முக்கியம், சில வருஷம் சிரமப்படலாம் என்பவர்களுக்குப் பிரிவு சரி.