90 ரூபாய் இதய சார்ட்: கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பார்வை

பத்தாம் வகுப்பு அறிவியலுக்காக எங்கள் ஊர் ஸ்டேஷனரி கடையில் இதய சார்ட் ஒன்று வாங்கினேன். 20க்கு 30 அங்குலம், லேமினேஷன் செய்தது, 90 ரூபாய். கடையில் விரித்துப் பார்த்தபோது பளிச்சென்றுதான் இருந்தது. கடையில் நாம் இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறோம், அதுதான் சிக்கல்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படம் சரியான படம். இடது வெண்ட்ரிக்கிளின், அதாவது இதயத்தின் இடது கீழறையின், சுவரைத் தடிமனாகவே வரைந்திருக்கிறார்கள். நுரையீரல் தமனி நீலம், நுரையீரல் சிரை சிவப்பு. தமனி என்றாலே சிவப்பு என்று தீட்டிவிடாமல், ஆக்ஸிஜன் உள்ள ரத்தத்துக்குத்தான் சிவப்பு என்று விவரம் தெரிந்தவர் யாரோ வண்ணம் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் பரீட்சையில் வழுக்கி விழும் இடமே இதுதான்.

பெயர்களில்தான் கோட்டை விட்டுவிட்டார்கள். படத்தின் மேல் 1 முதல் 14 வரை வெறும் எண்கள். பெயர்ப் பட்டியலோ கீழே வலது மூலையில். 9 எது என்று கீழே போய்ப் பார்த்துவிட்டு மேலே வருவதற்குள் 9 எங்கே இருந்தது என்பதே மறந்துவிடுகிறது. படமும் அதற்கான சொல்லும் அருகருகே இருந்தால் பாடம் நன்றாக மனதில் ஏறும் என்று ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர் சோதனை செய்தே காட்டியிருக்கிறார். ஒருவழியாக 9ஐக் கண்டுபிடித்த மாணவி, "சார், இடது வெண்ட்ரிக்கிள்னு போட்டிருக்கு, ஆனா வலது பக்கம்ல இருக்கு?" என்றாள். நம்மைப் பார்த்து நிற்பவரின் இதயம் இது என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

அப்புறம் எழுத்து. ஸ்கேல் வைத்து அளந்தேன், 5 மில்லிமீட்டர் உயரம். நல்ல கண்பார்வை உள்ளவருக்கே 20 அடி தூரத்தில் ஓர் எழுத்தை அடையாளம் காண கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் வேண்டும். என் கடைசி பெஞ்ச் 24 அடியில். போதாததற்கு மஞ்சள் எழுத்துக்குக் கறுப்பு நிழல் வேறு. அந்த நிழலில் மெய்யெழுத்தின் புள்ளிகள் முங்கிப் போய், ஒரு பையன் வால்வை 'வாலவு' என்று படித்தான். மூலைகளில் ஆப்பிளும் ஸ்டெதாஸ்கோப்பும் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தை இந்த எழுத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். காலை வெயிலில் லேமினேஷன் பளபளத்துப் பாதி இதயம் காணாமல் போகிறது.

கடைசியில் பட்டியலின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தேன். வெள்ளை ஸ்டிக்கரில் கறுப்பு மார்க்கரால் பெரிதாகப் பெயர் எழுதி, அந்தந்தப் பாகத்தின் பக்கத்திலேயே ஒட்டினேன். 14 பெயருக்கும் இடமில்லை. நான்கு அறை, இரண்டு வால்வு, நான்கு ரத்தக்குழாய் என்று பத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஸ்டிக்கருக்கும் மார்க்கருக்கும் இன்னொரு 45 ரூபாய் எடுத்து வையுங்கள்.