விரல் மரக்க: இருபுற ஊசியா, ஒற்றை ஊசியா?

நகச்சுத்தியில் சீழ் எடுக்க, வெட்டுக்காயத்தில் தையல் போட, விரலை மரக்கச் செய்ய இரண்டு வழி. மருந்து இரண்டுக்கும் லிக்னோகெய்ன்தான்.

குத்து: இருபுற முறையில் விரலடியின் இரு பக்கமும் இரண்டு. மற்றதில் உள்ளங்கைப் பக்கம், விரலடி மடிப்பின் நடுவில் ஒன்றே ஒன்று.

அளவு: பக்கத்துக்கு 1 முதல் 2 மி.லி.; ஒற்றை ஊசிக்கு 2 முதல் 3 மி.லி.

மரப்பு: இரண்டு முறையிலும் விரல் நுனி நன்றாக மரக்கும். ஒற்றை ஊசியில் விரலடியின் மேற்புறம் விட்டுப்போகலாம். அங்கே காயம் என்றால் இருபுறம்தான். நுனியில் மட்டும் வேலை, அதுவும் ஊசியைக் கண்டாலே கையை இழுக்கும் ஆள் என்றால் நான் ஒற்றைக்கே போவேன்.

எதுவானாலும் மோதிரத்தைக் கழற்றி, உணர்ச்சியைத் தொட்டுப் பார்த்துக் குறித்துவிட்டே ஊசி. மரத்த பிறகு நரம்பு அறுந்திருக்கிறதா என்று சோதிக்க முடியாது. அப்புறம் 5 நிமிடமாவது பொறுக்க வேண்டும். "டாக்டர், இன்னும் வலிக்குது" என்பது பெரும்பாலும் நம் அவசரத்தால்தான்.